மாம்பழ அறைக்கு ஒரு வாயு சென்சர்: எந்தப் படலம் உருப்படி?

மாங்காயைக் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைக்கத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரை அனுமதி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பழுக்க வைக்கும் அறையில் அதை அளக்க, துத்தநாக ஆக்சைடு சென்சரை நாமே செய்தால் என்ன?

சென்சர் என்பது கண்ணாடி மேல் போட்ட துத்தநாக ஆக்சைடின் மெல்லிய படலம்தான். அதைப் போட ஸ்பட்டரிங், ஸ்ப்ரே பைராலிசிஸ், ஹைட்ரோதெர்மல் என்று மூன்று முறைகளைப் பார்ப்போம். சென்சரின் வேலை எளிது. சுமார் 300 டிகிரி சூட்டில் காற்றின் ஆக்சிஜன் படலத்தின் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். எத்திலீன் வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் திரும்பிவிடும்; மின்தடை இறங்கும். கூத்தெல்லாம் மேற்பரப்பில்தான். அதனால் பளபளப்பை விட இண்டு இடுக்குதான் முக்கியம்.

வெற்றிடக் கலனில் அயனிகளை மோதவிட்டு, பெயரும் அணுக்களைக் கண்ணாடியில் படியவைக்கும் ஸ்பட்டரிங் இங்கேதான் சறுக்குகிறது. தடிமனை நானோமீட்டர் கணக்கில் கட்டுப்படுத்தலாம், பத்துப் படலம் போட்டாலும் பத்தும் ஒன்றுபோல வரும். ஆனால் வழக்கமாகப் போட்டால் படலம் நெருக்கமாக அமைந்து, வாயு மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். வெற்றிடப் பம்பும் கலனும் லட்சக்கணக்கில் விழுங்கும். நடுவில் கரண்ட் போனால் அன்றைய பொழுது காலி.

ஸ்ப்ரே பைராலிசிஸுக்கு ஹாட் பிளேட்டும் கம்ப்ரசரும் போதும். ஜிங்க் அசிடேட் கரைசலை 400 டிகிரி கண்ணாடி மேல் தெளிக்க வேண்டும். சூடு குறைந்தால் துளி காய்ந்து வட்ட வட்டமாகக் கறை. கூடினால் வழியிலேயே பொடியாகி, விரல் பட்டாலே உதிரும். ஒவ்வொரு தெளிப்பும் கண்ணாடியைக் குளிர வைப்பதால் விட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். கரைசலுக்குத் தர்மபுரி போர் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், காய்ச்சி வடித்த நீர்தான். இந்த ஊர்க்காரர்களுக்குப் போர் தண்ணீரின் ஃப்ளூரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

என் ஓட்டு, சூடான கரைசலில் கண்ணாடியை மூழ்க வைத்துப் படலத்தை வளர்க்கும் ஹைட்ரோதெர்மலுக்கு. ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்சமினும் கலந்த கரைசல், 90 டிகிரி ஓவன், சில மணி நேரம். கண்ணாடியைக் குப்புற வைத்தால் வண்டல் படியாது. ராகி அறுத்த கொல்லையில் தாள் நிற்பது போல நானோ குச்சிகள் நிற்கும். இடுக்கெல்லாம் வாயு புகும். அடியில் குச்சிகள் முளைக்க மெல்லிய வித்துப் படலம் இல்லாவிட்டால் குச்சிகள் கண்டபடி சாயும். அதை ஸ்ப்ரேயிலேயே போட்டுவிடலாம். சரி, குறை? ஒரு தொகுதி போல இன்னொன்று வராது. ஒவ்வொரு சென்சரையும், தெரிந்த அளவு வாயுவோடு ஒப்பிட்டு, தனியாக அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். விற்பனைக்கு ஆயிரக்கணக்கில் செய்பவர் ஸ்பட்டரிங்கைத் தேடினால் தப்பில்லை.

கார்பைட் வைப்பவரைப் பிடிக்க மட்டும் இதை நம்ப வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிலீனும், கனிந்த பழத்தின் ஆல்கஹாலும் எத்திலீன் போலவே மின்தடையை இறக்கும். எந்த முறையில் வளர்த்தாலும் வெறும் துத்தநாக ஆக்சைடுக்கு மூன்றும் ஒன்றுதான்.