கழற்றக்கூடிய ஆமை ஓடும் ஒரு நல்ல நண்டும்

பேத்தியின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் 4,200 ரூபா கொடுத்து விலங்குப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே இருபது பிளாஸ்ரிக் விலங்குகள். கை கால் மூட்டுகள் அசையும் என்று மேலட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. 31 வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள் நான். இப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டால் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

கடையில் நிற்கிற பிள்ளை என்னுடைய பழைய மாணவன். "ரீச்சர், இந்த ஆமையின் ஓட்டைக் கழற்றிப் பூட்டலாம், பாருங்கள்" என்று பெருமையாகக் கழற்றிக் காட்டினான். பரீட்சைத் தாளில் இவனுக்கு எத்தனை புள்ளி போட்டேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஆமை ஓடு போட்டுக் கழற்றுகிற சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்ததுதான் அந்த மேலோடு. நமக்குத் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆமைக்கு அது கூட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இப்படி ஓர் அமைப்பு வேறு எதற்கும் இல்லை. இந்தப் பெட்டி ஆமையின் ஓட்டைத் தூக்கினால் உள்ளே பல்லி போல ஒரு வழுவழுப்பான முதுகு தெரிகிறது. வீட்டுக்கு வந்த முதல் நாளே ஓட்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். பேத்தி இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

குதிரையும் அப்படித்தான். முன்கால் இரண்டும் முன்னே, பின்கால் இரண்டும் பின்னே நீண்டிருக்க, வயிறு தரையைத் தொடுகிற மாதிரிப் பாய்கிறது. பழைய ஓவியர்கள் இப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையோரம் வரிசையாகக் கமராக்களை வைத்துப் பிடித்த படங்களில்தான் உண்மை தெரிந்தது: நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு எழும்புவது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடுகிற நேரத்தில்தான், நீட்டி விரிக்கிற நேரத்தில் அல்ல. ஆகவே இந்தப் பெட்டிக்குள் இருப்பது 1878க்கு முந்திய குதிரை. நெடுந்தீவில் பேத்திக்கு நிஜக் குதிரைகளைக் காட்டியிருக்கிறேன். அவை பாய்ந்ததை நாங்கள் பார்க்கவில்லை. வெயிலில் மெதுவாக நடந்தன. நடையில் இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்று வரிசை போகும். நம்பாதவர்கள் வீதியில் போகிற எந்த மாட்டையும் பின்னால் நடந்து பார்க்கலாம். பெட்டியில் இருக்கிற மாட்டுக்குத் தோளும் தொடையும் அசைவதால் அந்த வரிசையில் நிறுத்த முடிகிறது. அதற்கு ஒரு புள்ளி.

டொல்பினின் வாலை மீனுக்குப் போல நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். மீன் வாலை இடமும் வலமுமாக வீசும். டொல்பினின் முன்னோர் தரையில் நான்கு காலில் திரிந்தவை. ஓடுகிற நாயின் முதுகு மேலும் கீழுமாக வளைவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே வளைவைத்தான் டொல்பின் கடலுக்குள் கொண்டுபோனது. அதனால்தான் அதன் வால் தட்டையாகப் படுத்திருக்கிறது. சுறாவின் வால் சரியாக இருக்கிறது. சிலந்திக்கு எட்டுக் காலும் பின்வயிற்றில் முளைத்திருக்கின்றன. எல்லாம் முன்பகுதியில் இருக்க வேண்டியவை. சிங்கம் இரண்டு இருக்க, கணவாய் ஒன்றுகூட இல்லை. கடலட்டையும் இல்லை. வேறெங்கோ செய்த பெட்டி, நம்முடைய பரவைக்கடல் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நண்டு! இதைச் செய்தவர் நிச்சயமாக நிஜ நண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் அச்சு வெட்டியிருக்கிறார். பாசையூரில் வாங்கிய நண்டைத் தட்டில் போட்டு, பக்கத்தில் இதையும் வைத்துப் பார்த்தேன். பின்னங்கால் சோடி துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கிறது; நீந்துகிற நண்டுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டும் கதவுப் பிணைச்சல் போல ஒரு தளத்தில் மட்டும் மடிகிறது. நடக்கிற கால்கள் பக்கவாட்டில் மடிந்து நீள்வதால்தான் நண்டு பக்கவாட்டில் ஓடுகிறது என்பதைப் பேத்தி மேசையில் ஓட்டிப் பார்த்துத் தானே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கறிக்கு உடைத்தபோது கொடுக்குக்குள் இருந்து வருகிற மெல்லிய வெண்தகட்டைக் காட்டினேன். நமக்கு எலும்பு உள்ளே, தசை வெளியே. நண்டுக்கு ஓடுதான் எலும்பு. தசை உள்ளே இந்தத் தகட்டைப் பிடித்திருக்கும். தகட்டை இழுத்தால் செத்த நண்டின் கொடுக்கும் மூடும். அன்றைக்குக் கறி அடுப்பில் ஏற ஒரு மணி நேரம் பிந்தியது.

பூநாரையும் பரவாயில்லை. காலின் நடுவே பின்பக்கமாக மடிகிற இடத்தைக் கையேட்டில் முழங்கால் என்று போட்டிருக்கிறார்கள். அது கணுக்கால், முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கையேட்டின் தமிழைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இரண்டு கிழமையில் குதிரையின் தொடை மூட்டுத் தளர்ந்துவிட்டது. பூநாரையின் நிறம் பேத்தியின் விரலில் ஒட்டுகிறது. சிலந்தி மிகச் சிறியது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதை எடுத்து ஒளித்துவிடுங்கள். 4,200 ரூபா அதிகம். 2,500 என்றால் யோசிக்காமல் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று. அதில் இரண்டு நண்டுக்கு.

நண்டை மட்டும் தனியாகத் தருவார்களா என்று திரும்பப் போய்க் கேட்டேன். "முழுப் பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும், ரீச்சர்" என்றான். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது: பேத்தி அதன் துடுப்புக் கால் ஒன்றைப் பிய்த்துவிட்டாள். நிஜ நண்டென்றால் ஆபத்தில் தானே காலைக் கழற்றிவிட்டுப் போய், ஓடு மாற்றுகிறபோது புதிதாக முளைக்க வைத்துக்கொள்ளும். இதற்கு, ஆமைக்கு வாங்கிய பசையில் மிச்சம் இருந்தது.