தரையில் ஒரு சொட்டும் விழாத கூலன்ட் கசிவு: என் பழைய லாரி, என் தீர்ப்பு

நான் ஓட்டும் லாரியின் அதே மாடலில் 2012 வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாட்டர் பம்ப் மாற்றி, வண்டி இப்போதுதான் மறுபடி திம்பம் மலைப்பாதை ஏறத் தொடங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் கேட்டதால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். ஆறு சக்கரம், டர்போ டீசல், கம்ப்யூட்டர் இல்லாத பழைய வகை டீசல் பம்ப் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின் இழுக்கும். சத்தியமங்கலத்தில் உர மூட்டை ஏற்றித் தாளவாடி போவதும், அங்கிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதும்தான் என் வண்டிக்கு வேலை. பண்ணாரி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். முழு லோடோடு இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும். கிளட்சும் கியர்பாக்ஸும் இதுவரை என்னை நடுவழியில் விட்டதில்லை. டீசல் குடிப்பதும் நியாயமான அளவுதான். உதிரி பாகத்துக்கு ஈரோடு போனால் போதும், வெறுங்கையோடு திரும்பத் தேவையில்லை.

என்னை வதைத்தது ஒரே ஒரு விஷயம், எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் வழியாக ஓடும் கூலன்ட். பாட்டிலில் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் வண்டியை நிறுத்திய இடத்தில் தரை காய்ந்து கிடக்கும். எஞ்சின் அடியில் கை வைத்துத் தடவினாலும் ஈரம் இல்லை. மலை ஏறி ஆசனூரில் நிறுத்தினால் மட்டும் கேபினுக்குள் இனிப்பான ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்தால் எங்கேயோ கூலன்ட் சூட்டில் பட்டுக் காய்கிறது என்று அர்த்தம். (கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். கழற்றிய கூலன்டைப் பட்டறை வாசலில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.)

சமவெளியில் ஓடும் வண்டி என்றால் தண்ணீர் கேன் ஒன்றைக் கூடவே வைத்துச் சமாளிக்கலாம். மலையில் அது நடக்காது. ஊர்ந்து ஏறும்போது முன்னாலிருந்து காற்று அடிக்காது, ரேடியேட்டருக்குக் காற்றை இழுத்துத் தருவது ஃபேன் மட்டும்தான். ஆயிரம் மீட்டர் உயரம் போனால் தண்ணீரின் கொதிநிலை மூன்று டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அதை ஈடுகட்டுவது ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம். 1 பார் அழுத்தம் நின்றால் கொதிநிலை ஏறத்தாழ 20 டிகிரி மேலே போகும். கசிவு இருக்கும் வண்டியில் அந்த அழுத்தமும் நிற்காது, அதனால் கொதிப்பு சீக்கிரம் வரும். புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தப் பாதையில் சரக்கு வண்டிகளுக்கு இரவுத் தடை இருக்கிறது. கொதித்து வளைவில் நின்றால் லோடு அன்றைக்குப் போய்ச் சேராது. பின்னால் வருகிற பஸ்ஸும் சேர்ந்து நிற்கும்.

தேடலை ஹோஸில் ஆரம்பிப்பதுதான் முறை, அப்படித்தான் ஆரம்பித்தேன். பழைய ரப்பர் இரவுக் குளிரில் சுருங்கும். விடியற்காலையில் கிளாம்ப் ஓரத்தில் லேசாகக் கசியும், எஞ்சின் சூடானதும் தானாக நின்றுவிடும். அதனால் விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளாம்ப் எல்லாம் புதிதாகப் போட்டேன். ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். அளவு இறங்குவது நிற்கவில்லை.

அப்புறம் ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை, உடனே பதில்: "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்கண்ணா, ஹெட்டை இறக்கிரலாம்." எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அது போனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. தண்ணீர் ஆயிலில் கலந்தால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி வெளுத்து நிற்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டினால் ரேடியேட்டருக்குள் குமிழி கிளம்பும். காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடியிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். என் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் அங்கேயே காட்டினேன். "இறக்கினாத்தான் தெரியும்" என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். இறக்கிவிட்டால் ஐந்து இலக்கத்தில் பில் வரும், வண்டி வாரக்கணக்கில் படுக்கும். சோதித்துப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்கவே கூடாது.

புளியம்பட்டிப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 1 பார் ஏற்றி வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், முள் அசையவே இல்லை. இந்த இடத்தில் பலர் ஹெட் மேல் பழியைப் போட்டு முடித்துவிடுவார்கள். இவர் சொன்னது: "நிக்கறப்ப ஒழுகலைன்னா சுத்தறப்பத்தானுங்க ஒழுகோணும்." கூலன்ட் ஓடும் பாதையில் எஞ்சினோடு சுற்றுவது, கூலன்டைத் தள்ளி ஓடவிடும் வாட்டர் பம்ப் மட்டும்தான். தண்டு வழியாகத் தண்ணீர் வெளியே வராமல் அடைக்கும் அதன் சீல், நின்றபடி இருக்கும்போது பிடிக்கலாம், தண்டு வேகமாகச் சுற்றும்போது விட்டுவிடலாம். முகத்துக்குப் பூசும் சாதாரண டால்கம் பவுடரை எடுத்து பம்பைச் சுற்றியும், ஃபேனைச் சூழ்ந்திருக்கும் கவரின் உள்பக்கத்திலும் தூவினார். தள்ளி நின்று எஞ்சினை நன்றாக முறுக்கி ஓட்டினோம். அணைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் பச்சைப் புள்ளிகள் வட்டமாக வரிசை கட்டியிருந்தன. பம்ப் புல்லிக்கு நேர் எதிரே, வளையம் போட்ட மாதிரி.

தரையில் ஏன் விழவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கசிந்தது தண்டு வழியாக முன்பக்கம் வந்திருக்கிறது. புல்லி அதைத் தூறலாகச் சிதற அடித்திருக்கிறது. ஃபேன் காற்று அதைச் சூடான எஞ்சின் மேல் வீசியிருக்கிறது, அங்கேயே காய்ந்துவிட்டது.

ஆனால் கூலன்ட் முன்பக்கம் வந்திருக்கவே கூடாது. பம்பைக் கழற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது. பெரும்பாலான வாட்டர் பம்புகளில் சீலுக்கும், தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில், கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் அந்த ஓட்டை வழியாகச் சொட்ட வேண்டும். பேரிங் பிழைக்கும், ஓட்டுநருக்கும் சேதி தெரியும். சீல் முகங்களை நனைத்து வைப்பதே கூலன்ட்தான் என்பதால் லேசான கறை இருந்தால் பயப்பட வேண்டாம். சொட்டினால் பம்பை மாற்ற வேண்டிய நேரம். என் வண்டியில் அந்த ஓட்டையை எம்சீல் பசை வைத்து அடைத்து, மேலே பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். அடுப்புப் புகை வருகிறது என்று புகைபோக்கியை அடைத்த கதை. போக்கிடம் இல்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய், கிரீஸைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்திருக்கிறது. தண்டைக் கையால் அசைத்தால் ஆடியது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருச் சேறு. இந்த மாடலில் ஃபேன் அந்தத் தண்டிலேயே பூட்டியிருக்கிறது. லோடோடு வளைவு ஏறும்போது பேரிங் உடைந்திருந்தால் ஃபேன் நேராக ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, விற்கும் நேரத்தில் சொட்டு தெரியக்கூடாது என்று செய்த வேலை இது. மன்னிக்க முடியவில்லை.

சீல் ஏன் போனது என்பதும் உள்ளே தெரிந்தது. பல வருடம் போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பம்புக்குள் சுண்ணாம்பாகப் படிந்திருந்தது. அந்தத் துகள்தான் சீல் முகத்தைக் கீறுகிறது.

சீலையும் பேரிங்கையும் மட்டும் லேத்தில் அழுத்திப் போட்டால் செலவு குறையும். தண்டே தேய்ந்திருந்ததால் முழு பம்பாக வாங்கினேன். சில ஆயிரத்தில் முடிந்தது. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினோம். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல உள்ளே போக வேண்டும். உள்ளே இருந்த சேறு போகும்வரை அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றினோம். எஞ்சின் சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்து, காற்று வெளியேறிய பிறகுதான் மூடி போட்டோம். அன்றிலிருந்து பாட்டிலில் அளவு கோட்டை விட்டு இறங்கவில்லை. ஆசனூரில் அந்த வாசனையும் இல்லை.

தயாரித்தவர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த ஓட்டை புல்லிக்குப் பின்னால், கீழ்நோக்கி, ஃபேன் கவர் மறைக்கிற இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் பார்ப்பதற்கென்றே வைத்த ஒன்றை இப்படி ஒளித்து வைத்திருக்க வேண்டாம்.

இப்போது நண்பருக்கான பதில். எஞ்சின் நல்லது, இழுவை நல்லது, செலவு குறைவு. வாங்காதீர்கள். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் எந்த ஓட்டையை யார் அடைத்திருக்கிறார்கள் என்று விலை பேசும்போது யாரும் சொல்லப் போவதில்லை. என் வண்டியை விற்பீர்களா என்று கேட்டால், மாட்டேன். இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், எஞ்சினை அணைத்து ஆறவிட்டு ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து பம்புக்கு அடியில் பாருங்கள். அந்த ஓட்டையில் பசை தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.