ஃபர்ஸ்ட் எய்டு ட்ரெயினிங்: ஞாயித்துக்கிழமை 6 பேரு, வேலை நாள்ல 31 பேரு

கோயமுத்தூர்ல ஒரு பிரஸ் ஷாப்புல (அச்சகம் இல்லைங்க, மெஷின்ல தகட்ட அடிச்சு பார்ட்ஸ் பண்ற பட்டறை) சூப்பர்வைசரா இருக்கேங்க, 140 பேரு வேலை. வெளிய இருந்து ஒரு ஏஜென்சிய கூப்பிட்டு ஃபர்ஸ்ட் எய்டு ட்ரெயினிங் எடுத்தோம், அதோட ரிவ்யூ இது. குறையும் சொல்லப்போறதால பேரு போடல.

மொதல்ல நம்ம தப்ப சொல்லிடறேன். 150 பேருக்கு ஒரு ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் இருக்கணும், அத பாத்துக்கறவரு சர்டிஃபிகேட் வாங்கினவரா இருக்கணும்னு 2025 வரைக்கும் இருந்த 1948 ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே 45வது செக்‌ஷன்ல இருந்துச்சு, ஆடிட்டு வருதுன்னதும் அவசர அவசரமா ஒரு ஞாயித்துக்கிழமை வச்சோம். கண்டிப்பா வரணும்னு நோட்டீஸ் வேற ஒட்டினோம். வந்தது 6 பேரு, அதுலயும் ரெண்டு பேரு பிரியாணி உண்டான்னு கேட்டுட்டுதான் வந்தாங்க. ஆபீஸ்ல எல்லாரும் "இவனுகளுக்கு கத்துக்கற ஆர்வமே இல்ல"ன்னு சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். வாரம் பூரா நின்னு வேலை பாக்கறவன் லீவு நாள்ல சம்பளமில்லாம எதுக்கு வரணும்னு அப்ப தோணல பாருங்க.

ரெண்டாவது தடவ ஷிஃப்ட் டைம்லயே வச்சோம், பீஸ் ரேட்ல (எத்தன பீஸ் அடிச்சாங்களோ அதுக்குத்தான் கூலி) இருக்கறவங்களுக்கு அன்னைக்கு முழு நாள் கூலி. மொதலாளியும் வந்து மொத வரிசைல உக்காந்தாரு. 31 பேரு வந்தாங்க.

ட்ரெய்னர் ரிட்டயர்டு நர்ஸம்மா, ஆளு கெட்டி. புரொஜெக்டர ஆஃப் பண்ணிட்டு "உங்க பட்டறைல விரல் துண்டாச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. எங்க ஷாப்புல அது கதை இல்ல, நடந்திருக்கு. ஐஸ்ல போடணும்னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். நேரா ஐஸ்ல போட்டா சதை கெட்டுப்போயிரும், சுத்தமான ஈரத்துணில சுத்தி, தண்ணி போகாத கவர்ல போட்டு கட்டி, அந்த கவர ஐஸ் மேல வைக்கணும்னாங்க. ஹால்ல ஒரு சத்தமில்ல. பாக்ஸ்ல அந்த மாதிரி கவர் இருக்கான்னு ஒரு ஆபரேட்டர் எந்திரிச்சே போயி பாத்தாரு. இல்ல. அன்னைக்கு சாயங்காலமே வாங்கி வச்சோம்.

அப்பறம் பொம்மைய தரைல போட்டு சிபிஆர், அதாவது இதயம் நின்னவர நெஞ்ச அமுக்கி காப்பாத்தப் பாக்கறது. 5 சென்டிமீட்டராவது அமுக்கணும், நிமிசத்துக்கு 100ல இருந்து 120 தடவ, சரியா அமுக்கினா பொம்மைக்குள்ள டக்குனு சத்தம் வரும். சும்மா பாக்க ஈஸியா இருக்கு, ரெண்டு நிமிசத்துல தோள்பட்ட கழண்டுரும். பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருத்தங்கதான் ரொம்ப நேரம் விடாம அமுக்கினாங்க, அவங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப வீட்ல ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியலையாம், அதனாலதான் பேரு குடுத்தேன்னாங்க. சூடு பட்டா பேஸ்ட் தடவறது, வலிப்பு வந்தா கைல சாவி குடுக்கறது, வெட்டுக்கு காப்பித்தூள் வைக்கறது, எல்லாத்துக்கும் திட்டு வாங்கினோம். சூட்டுக்கு 20 நிமிசம் ஓடற பைப்தண்ணி, அவ்ளோதான். மத்தியானம் டீ குடிக்கறப்ப ஒருத்தரும் கம்பெனிய பத்தி பேசல, வீட்ல கொழந்தைக்கு ஆனா, ஊர்ல அம்மாவுக்கு ஆனான்னே பேச்சு ஓடுச்சு. நோட்டீஸ்ல இத போட்டிருந்தா ஞாயித்துக்கிழமையே கூட இன்னும் நாலு பேரு வந்திருப்பாங்களோ என்னமோ.

இப்ப குறை. சர்டிஃபிகேட்ல 9 பேருக்கு இனிஷியல் தப்பு, திருத்தி வாங்க 40 நாள் ஆச்சு. பசங்க அத லேமினேட் பண்ணி வீட்ல மாட்டறதுக்கு கேட்டுட்டே இருந்தாங்க, அதுல அவங்க பேரு இருக்கறதுதான அவங்களுக்கு பெருசு, ஏஜென்சிக்கு அது வெறும் பேப்பரு. பொம்மையும் ஒன்னே ஒன்னுதான் கொண்டாந்தாங்க, 31 பேருக்கு எப்டிங்க பத்தும்.

பெரிய குறை இது. எங்க பிரஸ்ல பாதிப்பேரு பீகார், ஒடிசா பசங்க. கிளாஸ் மொத்தமும் தமிழ்ல, அவங்கள்ல 8 பேரு கடைசி வரிசைல உக்காந்து போன் பாத்துட்டு இருந்தாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. மெஷின்ல கை வைக்கறதே அவங்கதான. அடுத்த மாசம் இந்தி தெரிஞ்சவர அனுப்பறோம்னாங்க, மூணு மாசமாச்சு, போன் பண்ணா "பாத்துட்டு சொல்றோம் சார்". நர்ஸம்மாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஏஜென்சிக்கு ரெண்டரை ஸ்டார்.