பாண்டி பஜார் நடைபாதை வளாகம்: நடந்து செல்பவரின் மதிப்பீடு

தியாகராய நகருக்குப் போய்வருவதை என் அம்மா ஒரு கட்டத்தில் அறவே விட்டுவிட்டார். முழங்கால் வலி ஒரு காரணம்தான். நடைபாதையில் கால் வைக்க இடமில்லாமல், சாலையில் இறங்கிப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடக்க வேண்டியிருந்ததுதான் அதைவிடப் பெரிய காரணம். சென்னை மாநகராட்சி அமைத்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பிறகு அவரை மீண்டும் அங்கே அழைத்துச் சென்றேன். அன்றிலிருந்து பலமுறை போய்வந்திருக்கிறோம். ஒரு பழைய கடைத்தெருவுக்குப் புத்துயிர் ஊட்ட மாநகராட்சி செய்ததை, அவருடைய நடையை அளவுகோலாக வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தின் கீழ் சுமார் 40 கோடி ரூபாய் செலவில், பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரை பாண்டி பஜார் அமைந்திருக்கும் தியாகராயர் சாலையின் இருபுறமும் நடைபாதையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்கான இடம் குறைந்து, நடப்பவருக்கான இடம் கூடியிருக்கிறது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் கைகோத்துக்கொண்டு போனாலும் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டியதில்லை. சாலையோரத்துப் பழைய மரங்களை வெட்டாமல், அவற்றைச் சுற்றியே தளம் அமைத்ததை இந்தத் திட்டத்தின் மிக நல்ல முடிவாகக் கருதுகிறேன். புதிதாக நட்ட கன்று நிழல் தரப் பத்து ஆண்டுகளாவது ஆகும். இங்கே முதல் நாளிலிருந்தே நிழல் இருந்தது. அந்த நிழலில் போட்டிருக்கும் இருக்கைகளில் ஒன்றில் அம்மா உட்கார்ந்துகொள்வார். நான் பாத்திரக் கடைக்குப் போய்வருவேன். பொருள் எதுவும் வாங்காமல், ஒரு காப்பிக்குக்கூடப் பணம் கொடுக்காமல், கடைத்தெருவின் நடுவே ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்பது சென்னையில் சிறிய வசதி அன்று. மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். முதியவர்கள் வெறுமனே வேடிக்கை பார்க்கிறார்கள். முன்பு இந்தச் சாலையில் வேலை முடிந்ததும் வீடு திரும்பினால் போதும் என்றிருக்கும். இப்போது இன்னும் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுகிறது.

இந்த ஊர் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தப் பிட்டி தியாகராயர், சென்னை மாநகராட்சியின் வெள்ளையரல்லாத முதல் தலைவர். லாங் டேங்க் என்று அழைக்கப்பட்ட பெரிய ஏரியைத் தூர்த்து, 1920களில் உருவாக்கிய ஊர் இது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலை இன்றும் அந்த ஏரியை நினைவூட்டுகிறது. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் சாலைகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. மாம்பலம் கால்வாயில் கட்டுமானக் கழிவு அடைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. ஏரியின் மடியில் எழுந்த ஊரில் தரைக்கு மேலே கல் பதிப்பதற்கு முன் தரைக்குக் கீழே நீர் போகும் வழியைச் சரிசெய்திருக்க வேண்டும். வேலையின் வரிசை மாறியதால் எவ்வளவு நல்ல தளமும் பயனற்றுப்போன நாள்கள் அவை.

தணிகாசலம் சாலையில் 200க்கும் மேற்பட்ட கார்களை நிறுத்தக்கூடிய அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தையும் கட்டியிருக்கிறார்கள். அப்படி இருந்தும் இரு சக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறி நிற்பதை நெரிசல் நேரங்களில் காணலாம். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அப்படி நிற்கும் ஒரே ஒரு வண்டி போதும், வழி அடைபட்டுவிடும். இதைத் தடுக்கப் புதிய கட்டுமானம் எதுவும் தேவையில்லை, அன்றாடக் கண்காணிப்பு போதும்.

என் மனம் அதிகம் தங்குவது தெருவோர வியாபாரிகளிடம்தான். வளையல், ஹேர்பின், ரவிக்கைத் துணி, மெட்டி என்று இந்தச் சாலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் அவர்கள். 2013இல் மாநகராட்சி கட்டிய தனி வணிக வளாகத்துக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். கூரையும் மின்விளக்கும் கிடைத்தது உண்மை. ஆனால் போகிற வழியில் கண்ணில் பட்டதை வாங்குவதுதான் தெருவோர வியாபாரம். மாடி ஏறி வந்து ஹேர்பின் வாங்குபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இவ்வளவு அகலமான நடைபாதையில் நடப்பவருக்கு இடையூறின்றி எல்லை வரைந்து, ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்க முடியும் என்றே நினைக்கிறேன். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், இந்த வியாபாரத்தை நெறிப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. அவர்களைக் கேட்டுச் செய்தால் தெருவின் பழைய உயிரும் திரும்பும், ஒழுங்கும் கெடாது.

2023 மே மாதம் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலத்தையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் இது சுமார் 570 மீட்டர் நீளமுடையது. லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரங்கநாதன் தெருவின் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கடந்த தொலைவை அம்மா இப்போது தன் போக்கில், மழை வெயில் படாமல் நடந்து முடிக்கிறார். பண்டிகைக் காலத்தில் ரயிலிலிருந்து இறங்குபவருக்கு இது பேருதவி.

குறை, இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதே. நடைமேம்பாலம் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகிறது. நடைபாதை வளாகமோ பனகல் பூங்காவில்தான் தொடங்குகிறது. இடையே உஸ்மான் சாலையில் அரை கிலோமீட்டருக்கும் மேல் பழையபடியே நெருக்கியடித்து நடக்க வேண்டும். பனகல் பூங்காவில் மெட்ரோ நிலையம் செயல்படத் தொடங்கினால் சிலருக்கு இந்தத் தொல்லை தீரும். மாம்பலத்தில் இறங்குபவருக்குத் தீராது. அடுத்த கட்டமாக மாநகராட்சி கைவைக்க வேண்டிய இடம் இந்தத் துண்டுதான்.

வயதானவர்களை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் வார நாளில், காலை கடை திறக்கும் நேரத்தில் போவது நல்லது. மாம்பலத்தில் இறங்கி நடைமேம்பாலம் வழியாகப் பேருந்து நிலையம் வரை நடங்கள். அங்கிருந்து பனகல் பூங்காவுக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள். பூங்காவிலிருந்து கிழக்கே நடந்தால், கால் வலிக்கும்போது உட்கார இடம் இருக்கும்.