கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவி: விளம்பரம் சொல்வதும் ஒலியலை விடுவதும்

கைப்பேசியில் செருகிப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எடையையும் பேட்டரி தாங்கும் நேரத்தையும் பேசுகிறார்கள். ஸ்கேன் கற்பிக்கும் பணியில் இருக்கும் எனக்கு வேறொரு கேள்வியே முக்கியம்: திரையில் தெரியும் படம் ஒலியலையின் இயல்பால் உருவானதா, மென்பொருளின் மெருகால் உருவானதா என்பதை இக்கருவி மாணவருக்குக் காட்டுகிறதா? உடல் முழுவதற்கும் ஒரே புரோப் (உடலில் வைத்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதி) போதும் என்று விற்கப்படும் வகையில் ஒன்றைப் பயிற்சிக்காக வாங்கியிருக்கிறோம். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குறைகள் பலவும் இவ்வகைக்கே பொதுவானவை.

ஒரே புரோப் என்ற வாக்குறுதியில் பொய் இல்லை. கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவை (சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இயல்பை) நம்பியிருக்கும் வழக்கமான புரோப்களில், ஒவ்வொன்றும் தன் இயல்பு அதிர்வெண்ணை ஒட்டிய வரம்பில்தான் நன்றாக இயங்கும். ஆகவேதான் வயிற்றுக்கு வளைந்த முகமுள்ளதும், கழுத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் தட்டையானதும் எனத் தனித்தனியாக வைத்திருக்கிறோம். இக்கருவியிலோ சிலிக்கான் சில்லின்மேல் ஆயிரக்கணக்கான நுண்சவ்வுகள் மின்னழுத்தத்தால் அதிர்கின்றன. அவை ஏறத்தாழ 1 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஈடுகொடுப்பதால், அமைப்பை மாற்றினால் அதே முகம் இதயத்தையும் பார்க்கிறது, தைராய்டையும் பார்க்கிறது.

ஆனால் ஆழத்துக்கும் நுட்பத்துக்கும் இடையிலுள்ள பேரத்தை எந்தச் சில்லாலும் ஒழிக்க முடியாது. மென்திசுவில் ஒலி நொடிக்குச் சராசரியாக 1540 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், 10 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி. அலைநீளம் குறையக் குறைய, அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் கூடும். அதே சமயம், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஏறத்தாழ அரை டெசிபெல் வீதம் ஒலி தேய்கிறது. 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி திரும்பி வரும்போது, போகவர 50 டெசிபெல் இழந்து, தேய்மானத்தால் மட்டுமே செறிவில் லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் இழப்பு 25 டெசிபெல்லோடு நிற்கிறது. திசுவைப் போலச் செய்து உள்ளே நூலிழைகள் பதித்த எங்கள் பயிற்சி மாதிரியில் இக்கணக்கு அப்படியே தெரிந்தது. மேலோட்டமான நூலிழைகள் கூர்மையாக நின்றன. ஆழத்தில் இருந்தவை அகன்று, இரைச்சலில் பாதி மறைந்தன. சக்கரம் வைத்த பெரிய கருவியிலும் ஆழத்தில் தெளிவு குறையும் என்றாலும், அங்கே இந்தச் சரிவு மெதுவாக வருகிறது.

என் முதன்மையான குறை படத்தைப் பற்றியதன்று, திரையைப் பற்றியது. ‘வயிறு’, ‘இதயம்’, ‘நுரையீரல்’ என்ற பொத்தான்கள் இருக்கின்றன. எந்த அதிர்வெண் இயங்குகிறது என்ற எண் எங்கும் இல்லை. ஆழத்துக்கு ஏற்ப எதிரொலியைப் பெருக்கும் கட்டுப்பாடு, மூன்று அடுக்குக்குள் ஒளிந்திருக்கிறது. இதைவிடக் கவலை தருவது, தொடக்கத்திலேயே இயங்கும் படமெருகு. திரவப் பையைக் கடக்கும் ஒலி சுற்றியுள்ள திசுவில் தேய்வதைவிடக் குறைவாகவே தேய்வதால், பைக்குப் பின்னால் பளிச்சென ஒரு பட்டை விழ வேண்டும். கல்லுக்குப் பின்னால் நிழல் விழ வேண்டும். நோயை அடையாளம் காண உதவும் இவ்விரண்டையும் மெருகு மங்கலாக்குகிறது. அதை அணைத்தவுடன் இரண்டும் திரும்பி வருகின்றன. அணைத்தே விற்றிருக்கலாம்.

நீள அளவீடு நம்பகமானது. அந்த நம்பகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லா அல்ட்ராசவுண்ட் கருவிகளையும் போல இதுவும் 1540 என்ற ஒரே வேகத்தைக் கொண்டு, எதிரொலி வந்த நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. கொழுப்பில் ஒலி நொடிக்கு 1450 மீட்டர் அளவிலேயே செல்வதால், 3 சென்டிமீட்டர் கொழுப்புக்குக் கீழுள்ள ஒன்று கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்தில் தெரியும். இது கருவியின் பிழையன்று. கையேட்டில் ஒரு வரி எழுதாதது மட்டும் நிறுவனத்தின் பிழை.

இரத்த ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் காட்டும் டாப்ளர் பகுதி எதிர்பாராத மகிழ்ச்சி. கோணத்தைத் திருத்தும் கோடு தெளிவாக இருக்கிறது. கருவி ஒலித்துடிப்புகளை அனுப்பும் வீதத்தின் பாதியை, ஓட்டத்தால் எதிரொலியில் வரும் அதிர்வெண் மாற்றம் தாண்டும்போது நிறம் எதிர்த்திசைக்குப் புரள்வதை வகுப்பில் உடனே காட்ட முடிகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் ஒலி போய்வர 13 மைக்ரோநொடி ஆவதால், ஆழத்தைக் கூட்டும்போது படங்களின் வேகம் குறைவதையும் திரையின் மூலையில் உள்ள எண் நேர்மையாகச் சொல்கிறது.

நீண்ட வகுப்புகளில் கருவி சூடேறித் தானே நின்றுவிடுகிறது. தோலைத் தொடும் முகப்பு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது பாதுகாப்புத் தரம் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். அவசர நிலையில் நுரையீரலையும் வயிற்றில் திரவத்தையும் விரைந்து பார்க்க வேண்டிய மருத்துவருக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பருத்த உடலில் ஆழமாகப் பார்க்க வேண்டியவருக்கும், மாணவரின் முதல் கருவியாகவும் பரிந்துரைக்க மாட்டேன். கூடவே தரும் ஜெல் நீர்த்து வழிகிறது. தோலுக்கும் புரோப்புக்கும் இடையே காற்று புகுந்தால் ஒலியில் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே திரும்பிவிடும் என்பதால், கெட்டியான வேறொன்றைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.