அம்பாந்தோட்டை துறைமுகம்: கார் அனுப்ப ஏற்ற இடம், கட்ட வாங்கிய கடன்தான் தப்பு

ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ கார் ஏற்றுமதி செய்பவர்கள் இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். சென்னை, எண்ணூரில் ஏறும் வண்டிகள் இங்கே இறங்கி வேறு ரோ-ரோ (வண்டிகளை ஓட்டியே ஏற்றி இறக்கும்) கப்பலுக்கு மாறுகின்றன. கிழக்கு-மேற்குக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைலில் இருக்கிறது, ஆழம் 17 மீட்டர், யார்டில் இடம் தாராளம்.

கவனம் தேவைப்படுவது கைமாறும்போதுதான். கப்பலுக்குள் வண்டிக்கு வண்டி பக்கவாட்டில் 10 செ.மீ., முன்பின் 30 செ.மீ. அளவுக்குத்தான் இடைவெளி விடுவார்கள். கதவு ஓரத்தில் கீறல் விழுவது அதனால்தான். தாழ்வான வண்டி என்றால் சாய்தளத்தில் பம்பரின் அடியும் உரசும். இறங்கியதும் ஒருமுறை, மறுபடி ஏறும் முன் ஒருமுறை சேதத்தைச் சரிபார்க்கும் சர்வேயரை வைத்துப் படம் எடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கப்பலில் அடிபட்டது என்ற இழுபறியில் இழப்பீடு நின்றுவிடும். அடுத்த கப்பல் தாமதமானால் பேட்டரியும் இறங்கிவிடும்.

கன்டெய்னருக்கு இன்னும் கொழும்புதான். செங்கடல் நெருக்கடியில் அங்கே நெரிசல் கூடிய 2024-ல் எம்எஸ்சி என்ற கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் கப்பல்கள் இங்கும் வரத் தொடங்கின. ஆனால் தூத்துக்குடி, சென்னையிலிருந்து பெரிய கப்பல்களுக்குச் சரக்கு கொண்டுவரும் சிறு ஃபீடர் கப்பல்கள் கூடுமிடம் கொழும்பு.

சேவை நன்று. அதற்கு இலங்கை கொடுத்த விலையை அப்படிச் சொல்ல முடியாது. முதல் கட்டத்துக்குச் சீன அரசின் எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கியிடம் வாங்கிய 30.7 கோடி டாலருக்கு வட்டி 6.3 சதவீதம். 2010-ல் திறந்த பிறகும் நுழைவாயில் பாறையை உடைக்க மேலும் 4 கோடி டாலர் போனது. கப்பல்கள் தாமாக வராததால் 2012-ல் கார் கப்பல்களைக் கொழும்பிலிருந்து இங்கே திருப்பினார்கள்.

2017-ல் சீன அரசுக்குச் சொந்தமான சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 112 கோடி டாலர் கொடுத்து, 99 ஆண்டுக் குத்தகையில் சுமார் 70 சதவீதப் பங்கை எடுத்தது. கடனுக்கு ஈடாகத் துறைமுகம் பறிபோனது என்று நம் ஊடகங்கள் இன்னும் எழுதுவது தவறு. அந்தப் பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, எக்ஸிம் கடன் அப்படியே திறைசேரியின் (இலங்கை அரசுக் கருவூலத்தின்) தலையில் நின்றது. எனக்கு இது பறிமுதலைவிட மோசமாகவே படுகிறது.

அதே நிறுவனம் கொழும்பில் 2013-ல் திறந்த சிஐசிடி என்ற கன்டெய்னர் டெர்மினலைப் பாருங்கள். 35 ஆண்டு ஒப்பந்தம், 85 சதவீதப் பங்கு அவர்களுடையது, கட்டுமானக் கடனும் அவர்களுடையது. அலைதடுப்புச் சுவருக்கு மட்டும் இலங்கை, ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன் வாங்கியது. சரக்கு குறைந்தால் டெர்மினலின் நட்டம் முதலில் முதலீட்டாளரைத்தான் சேரும். அம்பாந்தோட்டையையும் முதலிலேயே இந்த முறையில் கொடுத்திருக்க வேண்டும்.