மணிலா இலைப்புள்ளிக்குச் சூடோமோனாஸ் தூள்: நான்கு பட்ட அனுபவம்

பக்கத்து வயல்காரர் நேற்று வந்து, மணிலா (நிலக்கடலை) இலையில் புள்ளி விழுந்திருக்கிறது, நீங்கள் தெளிக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாத் தூளையே நானும் வாங்கலாமா என்று கேட்டார். ஒன்றரை ஏக்கரில் நான்கு பட்டமாக, அதாவது நான்கு சாகுபடிப் பருவமாக, அதைப் பயன்படுத்தி வந்தும், அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

முதலில் அவர் வயலுக்குப் போய் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். விதைத்து 30 நாளை ஒட்டி வரும் முன்பருவப் புள்ளி, இலையின் மேற்புறத்தில் செம்பழுப்பாக, மஞ்சள் வளையத்தோடு தெரியும். பின்பருவப் புள்ளி சிறு வட்டமாக, அடிப்புறத்தில் கரிபோல் கறுத்திருக்கும். அடிப்புறத்தைத் தடவும்போது ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டினால் அது துரு நோய். துருவில் காய்ந்த இலை செடியிலேயே நிற்கும், டிக்கா என்று சொல்லப்படும் இந்த இருவகைப் புள்ளியிலோ இலை உதிர்ந்துவிடும். அவருடையது பின்பருவப் புள்ளி. அடி இலைகள் ஏற்கெனவே கொட்டத் தொடங்கியிருந்தன. விழுந்த புள்ளியை அழிக்கும் மருந்தன்று சூடோமோனாஸ். வேரைச் சுற்றிப் பெருகி, செடியின் எதிர்ப்புத் திறனைத் தூண்டிவிடும் பாக்டீரியா அது. ஆகவே நோய்க்கு முந்திக்கொண்டால்தான் பயன்.

கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் தூளை விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்து, ஏக்கருக்கு 1 கிலோவை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இட்ட பிறகு, நான் எதிர்பாராத நன்மை அறுவடையில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் பிடுங்கும்போது வெறுங்காம்பாக நிற்கும் கொடி, இப்போது இலையோடு வருகிறது. காயைப் போலவே எனக்கு அந்தக் கொடியும் முக்கியம், ஏனெனில் கோடையில் என் மாடுகளுக்கு அதுவே தீவனம்.

என் பொறுமையைச் சோதிப்பது தெளிப்புதான். தூளில் பெரும்பகுதி டால்க் மாவு. அது நீரில் கரைவதில்லை, அடியில் படியும். 16 லிட்டர் டேங்க்குக்கு 80 கிராம் வீதம் முன்கூட்டியே ஊறவைத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினாலும், பாதி டேங்க் தீர்வதற்குள் நாசில் அடைத்துக்கொள்கிறது. வெயிலில் தெளித்தால் பாக்டீரியா மடியும் என்பதால் மாலை நாலரைக்கு மேல்தான் தொடங்க வேண்டும், மார்கழியிலோ ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. கிடைக்கும் அந்தச் சிறு நேரத்தில் நாசிலைக் கழற்றி, கழுவி, ஈர்க்குக் குச்சியால் குத்தி மாட்டுவதிலேயே பாதி போய்விடுகிறது. சென்ற வெள்ளிக்கிழமை ஐந்து டேங்க் அடிக்க எண்ணி இரண்டோடு இருட்டிவிட்டது. கடைக்காரரிடம் முறையிட்டேன், நீங்கள் சரியாக வடிகட்டவில்லை என்று முடித்துக்கொண்டார். அந்தப் பதில் இன்னும் எனக்கு ஆறவில்லை.

டால்க் இருப்பதால்தான் அந்த உயிர் பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் தாங்குகிறது, குறைந்த விலையில் நம் கைக்கும் வருகிறது என்பதை மறுக்கமாட்டேன். நான்கு பட்டமாக என் கொடியைக் காத்ததும் இதே தூள்தான்.

ஆயினும் அவர் வயலில் நோய் முந்திக்கொண்டுவிட்டதால், வாங்க வேண்டாம் என்றே இன்று காலை அவரிடம் சொல்லிவிட்டேன். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்தவும், அறுவடைக்குப் பின் தானாக முளைக்கும் மணிலாவைப் பிடுங்கவும், அடுத்த பட்டத்தில் அந்த நிலத்தில் கம்பு விதைக்கவும் சொன்னேன். தெளிப்புக்கு இனி விலை கூடினாலும் திரவச் சூடோமோனாஸையே வாங்குவேன். வீட்டில் மீந்திருக்கும் இரண்டு பாக்கெட் தூளுக்கு ஆனி வரை காலாவதியில்லை. வைகாசியில் விதைநேர்த்திக்கு அவற்றை எடுத்து வைத்திருக்கிறேன்.